மூட மறுக்கும் வாயிற்கதவு

ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் இடிமழை தொடங்கியதும் மைசூருவில் இரு வகைத் தொழிலாளர்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஒருவர் யுபிஎஸ் பழுது பார்ப்பவர்; மற்றவர் தானியங்கி கேட் பழுது பார்ப்பவர். யுபிஎஸ் நின்றால் மின்விசிறி நிற்கும், அவ்வளவுதான். வாயிற்கதவு நின்றால் கார் உள்ளே சிறைப்படும், அல்லது இரவு முழுவதும் வீடு தெருவுக்குத் திறந்து கிடக்கும். ஆகவே வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கும்போதே பதற்றத்தோடு எடுக்கிறார். பதற்றத்தில் இருப்பவருக்குச் சொல்லப்படும் விலையும் அதற்கேற்றபடியே அமைந்துவிடுகிறது.

அந்தப் பதற்றத்தைச் சற்றுக் குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கதவு நின்றுவிட்டால் மெக்கானிக் வருவதற்குள் நாமே எதைக் கண்டறியலாம், எதைத் தொடக்கூடாது, அவர் செய்து தரும் எந்தப் பழுதுபார்ப்பை மட்டும் ஒருபோதும் ஏற்கக்கூடாது என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

இந்நகரில் இத்தகைய கதவுகள் பெருகியதற்கு மனைகளின் அளவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 1903-ஆம் ஆண்டிலேயே நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டு, நேர்கோட்டுத் தெருக்களாகத் திட்டமிட்டு வளர்க்கப்பட்ட ஊர் மைசூரு. பின்னாளில் மூடா பிரித்துக் கொடுத்த மனைகளிலும் 30-க்கு 40 அடி, 40-க்கு 60 அடி என்பவையே பெருவழக்கு. 30 அடி முகப்பில் இரு கதவுகளை உட்புறமாகத் திறந்தால், காரை நிறுத்தும் இடத்தில் ஆறடி வீணாகும். தெருப்பக்கமாகத் திறந்தால் நடைபாதையை மறிக்கும். எனவே மதிலை ஒட்டிப் பக்கவாட்டில் நகரும் கதவே பொருந்துகிறது. 12 அடி வாயிலுக்கு 12 அடிக் கதவு. அது திறந்து ஒதுங்கி நிற்க மேலும் 12 அடி மதில். எஞ்சிய ஆறடியில் ஆள் நுழையும் சிறுகதவும் தூண்களும் அடங்கிவிடும். குவெம்புநகரிலும் விஜயநகரிலும் தெருத்தெருவாக ஒரே அமைப்பைக் காண்பதற்கு இந்த எளிய கணக்கே காரணம்.

ஆனால் 12 அடி நீளமும் ஐந்தடி உயரமும் கொண்ட இரும்புக் கதவு 200 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கைப்பிடித்துத் தள்ள முதியவர்களால் இயலாது. அதனால் மோட்டார் வருகிறது. 600, 800, 1,000 கிலோ எனக் கதவின் எடையை வைத்தே மோட்டார்கள் விற்கப்படுகின்றன. கதவின் அடியில் சக்கரங்கள், தரையில் ஒரு தண்டவாளம், கதவின் பக்கவாட்டில் பற்கள் கொண்ட நீண்ட சட்டம், அதைச் சுழன்று தள்ளும் பற்சக்கரம், அதற்கு உயிர் கொடுக்கும் மோட்டார், மோட்டாருக்கு ஆணையிடும் மின்னணுப் போர்டு. இவ்வளவே இதன் உடல். வாயிலின் இரு தூண்களிலும் எதிரெதிராக இரண்டு சிறு கறுப்புப் பெட்டிகள் இருக்கும். அவை போட்டோசெல் சென்சார்கள். இக்கட்டுரையின் முக்கியப் பாத்திரம் அவையே.

கதவு நின்றவுடன் பெரும்பாலும் முதலில் காதில் விழும் தீர்ப்பு, “போர்டு போய்விட்டது” என்பதுதான். நான் கண்டவரையில் போர்டு உண்மையிலேயே போயிருப்பது குறைவு. அதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்வது மிகுதி.

வணிகவியல் படித்தவர்களுக்கு இருப்பாய்வு நினைவிருக்கும். பற்றும் வரவும் ஒத்துவராதபோது நாங்கள் எடுத்த எடுப்பில் பேரேட்டின் முதற்பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவதில்லை. வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பார்ப்போம். அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியின்றி வகுபட்டால் 540 என்பதை யாரோ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கக்கூடும். தேட வேண்டிய இடத்தை ஒரே அடியில் பாதியாக்குவதுதான் அந்த முறையின் பயன். இன்று கணினியே எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்துவிடுவதால் இளைய அதிகாரிகளுக்கு அந்த வித்தை தேவைப்படுவதில்லை. வாயிற்கதவுக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.

கதவின் இருப்பாய்வு இப்படித் தொடங்குகிறது. வீட்டின் மின்பெட்டியில் கதவுக்குரிய எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள். மோட்டார் உறையில் ஒரு சிறு சாவித்துவாரம் இருக்கும். அதில் விடுவிப்புச் சாவியைத் திருகி நெம்புகோலை இழுத்தால், மோட்டாருக்கும் கதவுக்கும் உள்ள பிடிப்பு விலகும். இப்போது கதவைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால், சீராக, எங்கும் இடறாமல் இருமுனை வரை நகர்ந்தால் குறை மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது. கனமாக வந்தாலோ, ஓரிடத்தில் முரண்டு பிடித்தாலோ, குறை இரும்புப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை; செலவு ஏதுமில்லை. போர்டை மாற்றலாம் என்ற பேச்சு இதற்குப் பிறகுதான் எழ வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சாவி எங்கே என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருப்பதில்லை. கதவு பொருத்திய நாளில் கையேட்டோடு சேர்த்து எங்கோ வைக்கப்பட்டு, பிறகு கண்ணில் படாமலே போய்விடுகிறது. நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலையில் மின்சாரமும் இல்லாமற் போனால், அந்தச் சாவி ஒன்றுதான் வழி. வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் அதை மாட்டிவையுங்கள். வீட்டில் உள்ள பெண்மணியும் சமையலுக்கு வரும் அம்மையாரும் ஒருமுறையாவது அதைத் திருகிப் பழகியிருக்க வேண்டும்.

கதவு கனமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் குனிந்து தண்டவாளத்தைப் பாருங்கள். மைசூருவில் பெரும்பாலான வீட்டு வாயில்கள் தெருவை நோக்கிச் சரிந்தவை. மழைநீர் முற்றத்து மண்ணையும் சரளைக் கற்களையும் இழுத்துவந்து தண்டவாளத்தில் சேர்க்கிறது. மேல்நோக்கிய பற்களைப்போல் ஒரே ஒரு ஜல்லிக்கல் அங்கே இறுகி நின்றால் போதும். 200 கிலோ கதவும் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். மோட்டார் அதை ஒரு தடை என்று உணர்ந்து நின்றுவிடும் அல்லது திரும்பிவிடும். விளக்குமாறும் ஒரு வாளி நீருமே இதற்கு மருந்து. தண்டவாளத்தில் கிரீஸ் பூசும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தூசியைப் பிடித்துவைத்துக் குழம்பாக்கிவிடும். கிரீஸ் வேண்டியது சக்கரத்தின் பேரிங்கில், ஓடும் பாதையில் அன்று.

பாதை சுத்தமாக இருந்தும் கதவு கரகரவென்று ஓசையிட்டால் சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. வெல்டரோ கதவு செய்து கொடுத்தவரோ மாற்றித் தரக்கூடிய பொருள் இது. மின்னணு மெக்கானிக் தேவையில்லை. அடுத்து, பற்சட்டத்துக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சக்கரங்கள் தேயும்போது கதவு மெல்ல இறங்கி, அந்த இடைவெளி மறைந்து, கதவின் எடை முழுவதும் மோட்டாரின் அச்சின்மேல் அமர்கிறது. மோட்டார் முனகத் தொடங்கும், சூடாகும், சில மாதங்களில் அதன் உட்பற்கள் தேயும். அப்போது மோட்டார் தரமற்றது என்று பழி சொல்கிறோம். தேய்ந்தது உண்மையில் ஒரு சக்கரம்.

இவை எல்லாவற்றையும்விட நான் முதலிடம் தருவது, தண்டவாளத்தின் இருமுனைகளிலும் உள்ள தடுப்புக் கட்டைகளுக்கும் கதவின் மேற்பகுதியை நிமிர்த்திப் பிடிக்கும் உருளைகளுக்கும்தான். கதவு தன் எல்லையைத் தாண்டி ஓடாமல் தடுப்பவை அந்தக் கட்டைகள்; பக்கவாட்டில் சாயாமல் காப்பவை அந்த உருளைகள். பாதையை விட்டு விலகிய கதவு ஒரு சுவரைப்போல் அப்படியே விழும். அதனருகே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் பலியான செய்திகளை நம் நாளிதழ்களில் அவ்வப்போது படித்து வருகிறோம். சாவியைத் திருகிக் கையால் தள்ளும் முன்பு, இரண்டு முனைகளிலும் கட்டைகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம். மோட்டாரின் பிடி விலகியபின் கதவைத் தடுத்து நிறுத்த அவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

இனி மின்சாரப் பக்கம். இங்கே வீட்டுக்காரர் செய்யக்கூடியது, கதவு என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து கவனித்துச் சொல்வது. போர்டின் உறையைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. எம்.சி.பி.யை அணைத்த பின்னும் உள்ளே உள்ள கண்டென்சர் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும். தொட்டால் அதிர்ச்சி தரும்.

ரிமோட்டை அழுத்தினால் எதுவுமே நிகழவில்லை. ஆனால் வீட்டின் உட்சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் கதவு நகர்கிறது. அப்படியானால் குறை ரிமோட்டில். பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். தூரத்திலிருந்து வேலை செய்த ரிமோட், நாளடைவில் வாயிலருகே வந்தால் மட்டுமே வேலை செய்கிறதென்றால் அதுவும் பேட்டரியின் சோர்வே. (காசு வடிவப் பேட்டரியாக இருந்தால், கழற்றிய பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி மேசையில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும்.)

மோட்டாரிலிருந்து 'உம்' என்ற ஓசை மட்டும் வருகிறது, கதவு அசையவில்லை. வீட்டு மின்விசிறி சுற்றத் தொடங்க மறுக்கும்போது எலெக்ட்ரிசியன் கண்டென்சரை மாற்றுவாரே, அதே நோய்தான் இது, அதே மருந்துதான். ஆனால் கோடைக்கால மாலைகளில் மின்னழுத்தம் குறையும்போதும் இதே ஓசை வரும். வீட்டு விளக்குகளும் மங்கியிருந்தால் மெக்கானிக்கை அழைக்காமல் மின்வாரியத்தின் 1912 எண்ணை அழையுங்கள்.

மின்சாரம் இருக்கும்போது நன்றாக ஓடி, மின்வெட்டின்போது மட்டும் நிற்கும் 24 வோல்ட் மோட்டார்களில், உள்ளே உள்ள சேமிப்பு பேட்டரி முதுமை அடைந்திருக்கிறது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயல்வரை மின்சாரம் அனுப்பிய நாடு இது என்று நாம் பெருமை பேசினாலும், இடிமழை மாலைகளில் அந்தப் பேட்டரியே நமக்குத் துணை.

கதவு எல்லையில் நிற்காமல் கட்டையில் போய் மோதினால், அல்லது முழுவதும் திறப்பதற்கு முன்பே நின்றால், முனையை உணர்த்தும் லிமிட் ஸ்விட்ச் அல்லது அதற்குரிய காந்தம் இடம் பெயர்ந்திருக்கிறது. பலமுறை திறந்து மூடியபின் நின்று, அரைமணி நேரம் கழித்துத் தானே சரியானால், மோட்டார் வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். கிரகப்பிரவேச நாட்களில் இது அடிக்கடி நிகழும். விருந்தினர் வந்து முடியும் வரை கதவைத் திறந்தே வைத்துவிட்டால் தீர்ந்தது.

மழைக்காலத்துக்கே உரிய இன்னொரு குறை எறும்பு. போர்டின் மெல்லிய வெப்பத்தை நாடி எறும்புகள் கூட்டமாகக் குடியேறுகின்றன. அவற்றைத் தேடிப் பல்லி வருகிறது. ரிலேயின் இடுக்கில் நசுங்கிய எறும்பும், இரண்டு முனைகளைத் தொட்டு இறந்த பல்லியும் புதிய போர்டை விற்பதற்குக் காரணமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மின்கம்பி நுழையும் துளைகளை அடைத்துவிட்டால் பாதிக் குறை தீரும். மெக்கானிக் உறையைத் திறக்கும்போது அருகில் நின்று, “சுத்தம் செய்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்” என்று சொல்வதில் தவறில்லை.

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் மிகுதியாக வரும் புகார். கதவு திறக்கிறது, மூட மறுக்கிறது. அல்லது பாதி மூடிவிட்டுத் திரும்பி ஓடுகிறது.

இதைப் பழுது என்று சொல்வதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். தூண்களில் உள்ள இரு சென்சார்களில் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது. மற்றது அதை வாங்கிக்கொள்கிறது. கதிர் தடைபட்டால் வாயிலில் யாரோ நிற்கிறார்கள் என்று போர்டு கொள்கிறது, மூடுவதை நிறுத்துகிறது. கதிரை மறைப்பது குழந்தையா, சிலந்தி வலையா, செம்பருத்திக் கிளையா என்று அதற்குத் தெரியாது. கம்பி அறுந்தாலும் அது யாரோ நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். ஐயம் வந்தால் மூடாதே என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே மூட மறுக்கும் கதவு பெரும்பாலும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

குவெம்புநகரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு மார்ச் மாத இறுதியில் இது நேர்ந்தது. காலையில் ஒழுங்காக மூடிய கதவு, மாலையில் நான் வங்கியிலிருந்து திரும்பும் நேரத்தில் மூட மறுத்தது. மறுநாளும் அப்படியே. வந்த மெக்கானிக் அனுபவம் மிக்கவர். ஐந்து நிமிடத்தில் போர்டின் இரு முனைகளை ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தார். கதவு உடனே மூடியது. “சென்சார் தொல்லை இனி இருக்காது சார்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். இனி அந்தச் சென்சார் எதையும் சொல்லாது. எதிரில் யார் நின்றாலும் சொல்லாது.

கணக்கியலில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. இருப்பாய்வு ஒத்துவராதபோது வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அதில் எழுதிவைப்பார்கள். ஏடு சமமாகிவிடும், பிழை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பிழையைத் தேடும் நிர்ப்பந்தம் மட்டும் போய்விடும். அந்தக் கம்பித் துண்டு நம் வாயிலின் அனாமத்துக் கணக்கு. அதை அன்றே எடுத்துவிடச் சொன்னேன். மனமில்லாமல் எடுத்தார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. கதவு மூட வேண்டும் என்றுதான் வீட்டுக்காரர்கள் அவரை அழைக்கிறார்கள். சென்சார் வேலை செய்ய வேண்டும் என்று யாரும் அழைப்பதில்லை. இரண்டு நாட்கள் சாவியால் விடுவித்துக் கையால் தள்ளினோம். மூன்றாம் நாள் விடுமுறை. மாலையில் தூணருகே நின்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுவது. சூரியன் நேர் மேற்கில் மறையும் அந்த நாட்களில், ஐந்தே முக்கால் முதல் ஆறேகால் வரை வெயில் நேராகக் கிழக்குத் தூணில் இருந்த வாங்கும் சென்சாரின் கண்ணில் விழுந்தது. அந்த ஒளிவெள்ளத்தில் மெல்லிய அகச்சிவப்புக் கதிரை அதனால் இனங்காண முடியவில்லை. அனுப்பும் பெட்டியைக் கிழக்கிலும் வாங்கும் பெட்டியை மேற்கிலுமாக இடம் மாற்றினார் அதே மெக்கானிக். கூலி 600 ரூபாய்.

உங்கள் வீட்டில் இதே புகார் வந்தால், ஈரத் துணியால் இரண்டு சென்சார்களின் முகத்தையும் துடையுங்கள். செடிகொடிகளை விலக்குங்கள். காரின் பின்புறம் இடித்துப் பெட்டி திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான சென்சார்களில் ஒரு சிறு விளக்கு உண்டு. கதிர் நேராகச் சேர்கிறதா என்பதை அது காட்டும். அனுப்பும் பெட்டியை இருட்டில் கைப்பேசியின் கேமரா வழியே பார்த்தால், பல கைப்பேசிகளில் ஒரு மெல்லிய ஊதா ஒளி தெரியும்; கண்ணுக்குத் தெரியாது. ஒளி இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வரவில்லையா என்று பார்க்கச் சொல்லலாம்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலும் ஜூலை தொடக்கத்திலுமாக, ஒரே வாரத்துக்குள், பிரிட்டனில் இரண்டு சிறுமிகள் குடியிருப்பு வளாகங்களின் மின்கதவுகளில் சிக்கி உயிரிழந்தனர். ஒன்று மான்செஸ்டரில், மற்றொன்று வேல்ஸ் பகுதியின் பிரிஜெண்டில். ஒரு சிறுமிக்கு வயது 6, மற்றவளுக்கு 5. அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு அதே ஆண்டில் இத்தகைய கதவுகள் குறித்து எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் இ.என். 12453 தரநிலை, மூடும் கதவின் விளிம்பு குறுகிய இடைவெளியில் எதன்மீதும் 400 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு மேல், அழுத்தக்கூடாது என்கிறது. அந்த அழுத்தமும் முக்கால் நொடிக்குள் தணிந்துவிட வேண்டும். அமெரிக்காவின் யு.எல். 325 தரநிலை ஒன்றையொன்று சாராத இரண்டு பாதுகாப்பு வழிகளைக் கேட்கிறது. 2016 முதல், சென்சாரின் இணைப்பைக் கழற்றினால் மோட்டாரே இயங்க மறுக்கும்படி அமைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எல்லா மோட்டார்களும் அப்படி அமைந்தவை அல்ல. கம்பித் துண்டு இங்கே வேலை செய்கிறது.

இதே வகையைச் சேர்ந்ததுதான் விசை அளவைக் கூட்டுவது. கதவு பாதியில் திரும்பி ஓடினால், தண்டவாளத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்காமல், மோட்டாரின் தள்ளுவிசையைக் கூட்டிவிடுவார்கள். கதவு கல்லின்மேல் ஏறிக் கடந்துவிடும். குறுக்கே கால் இருந்தாலும் அதே விசையோடுதான் கடக்கும். விசை அளவை யாரும் மாற்றினால், மாற்றியதற்கான காரணத்தைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை, கதவு மூடிக்கொண்டிருக்கும்போது ஒரு வெற்று அட்டைப்பெட்டியைச் சென்சாரின் உயரத்தில் கதிரின் குறுக்கே நீட்டிப் பாருங்கள். கதவு நின்று திரும்ப வேண்டும். பெட்டியைத்தான் நீட்ட வேண்டும். கையையோ காலையோ நீட்டிப் பார்க்க வேண்டாம்.

இடி மின்னலால் போர்டு உண்மையாகவே எரிந்துபோவதும் உண்டு. வாசகர்களில் பலர் வீட்டுக்கடனோடு சேர்த்து வீட்டுக் காப்பீடும் எடுத்திருப்பீர்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுப் பாலிசியில், மதிற்சுவரும் வாயிற்கதவும் வீட்டுக் கட்டடத்தின் பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன. தீ, மின்னல், புயல், வெள்ளம் ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு அது ஈடு தருகிறது. புயலில் மரம் விழுந்து கதவு வளைந்தால் கோரலாம். ஆனால் விலக்குகள் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. மிகை மின்னழுத்தம், குறுக்கு மின்னோட்டம், மின்கசிவு போன்றவற்றால் ஒரு மின்கருவிக்கே நேரும் சேதம், அதற்கு மின்னலே காரணமாக இருந்தாலும், ஈடுபெறாது என்பது அதன் சாரம். மின்னல் காப்பீட்டில் உண்டு என்று நம்பிப் போர்டுக்குக் கோரிக்கை எழுதுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். மின் மற்றும் இயந்திரப் பழுதுகளுக்கான தனிப்பிரிவு சில வீட்டுத் தொகுப்புப் பாலிசிகளில் கிடைக்கிறது, புதுப்பிக்கும்போது கேட்டுப்பாருங்கள். அதற்கும் முன்னதாக, எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று ஒரு உரிமம் பெற்ற எலெக்ட்ரிசியனைக் கொண்டு சோதித்து, மின்பெட்டியில் மிகைமின்னழுத்தத் தடுப்பான் ஒன்றைப் பொருத்துவது சிக்கனமானது. இடி முழங்கும்போது கதவின் எம்.சி.பி.யை அணைத்துவைப்பது இலவசம்.

கதவு பொருத்தும்போது வரிப் பட்டியலுடன் கூடிய ரசீது, மோட்டாரின் வரிசை எண், உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்னும் குறிப்பு ஆகிய மூன்றையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்பவரிடம் நாம் இழப்பது அந்த மூன்றையும்தான். வங்கிக் கணக்கின் வழியே செலுத்திய தொகைக்கு நாளும் பெயரும் தாமாகவே பதிவாகின்றன. பழைய பாகத்தை மாற்றினால் அதைக் கையில் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் நல்லது. எரிந்தது எனச் சொல்லப்பட்ட போர்டை இன்னொருவர் பார்த்துச் சொல்ல அது உதவும்.

உத்தரவாதக் காலத்திலும் யாரும் வந்து பார்க்கவில்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கதவின் மோட்டாருக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுத்தில் ஒரு புகார் அனுப்பப்பட்டதும் பல இடங்களில் அடுத்த வாரமே ஆள் வந்துவிடுகிறார்.

கடைசியாக, ரிமோட்டைப் பற்றி வங்கியாளன் என்ற முறையில் ஒரு சொல். காசோலைப் புத்தகம் தொலைந்தால் உடனே வங்கிக்கு எழுதுகிறீர்கள். ரிமோட் தொலைந்தால் இன்னொன்று வாங்கிப் பதிவு செய்துகொள்கிறீர்கள். தொலைந்தது இன்னும் கதவைத் திறக்கும் என்பதை மறந்துவிடுகிறீர்கள். புதியதைப் பதிவு செய்யும்போது போர்டின் நினைவிலிருந்து பழையவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையில் இருப்பவற்றை மட்டும் மீண்டும் சேர்க்கச் சொல்லுங்கள். குறிமுறை மாறாத பழைய வகை ரிமோட்டுகளைச் சாவிக்கடைகளிலேயே நகலெடுக்க முடிகிறது. அழுத்தும் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் வகையே நல்லது. குடியிருப்பவர் மாறும்போதும், ஓட்டுநரோ வேலையாளோ விலகும்போதும் இதையே செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் மின்விசிறி எத்தனை, குழல்விளக்கு எத்தனை என்று எழுதும் வரிக்கு அடுத்து, ரிமோட் எத்தனை என்பதையும் விடுவிப்புச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.